பட்டா, மருந்தா: காஞ்சிபுரத்தில் தாய் மொழியோடு ஒரு நாள்

"பாங்காக் போவதற்கு முன்னால், புத்தகத்தை வைத்துக்கொண்டு நாமே தாய் மொழி படித்துவிட முடியுமா?" என்று போன வாரம் ஒரு வாசகி கேட்டிருந்தார். முடியும் என்று ஒரு வரியில் பதில் போட்டேன். போட்ட பிறகு மனசு கேட்கவில்லை. அந்த ஒரு வரி பாதி பதில்தான். மீதியைச் சொல்ல வேண்டுமென்றால், 1973 பிப்ரவரியில் மெட்ராஸிலிருந்து காஞ்சிபுரத்துக்குப் போய் வந்த ஒரு நாளைச் சொல்லியாக வேண்டும். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். இந்த வலைப்பதிவில் எழுதியிருக்கும் பயணங்களிலேயே குட்டிப் பயணம். ஆனால் அன்றைக்குப் பயந்த மாதிரி வேறெங்கும் நான் பயந்ததில்லை.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. சொந்த ஊர் காஞ்சிபுரத்தை அடுத்த மாகறல் பக்கம். வீட்டில் எல்லோரும் விவசாயம். நான் ஒருத்திதான் டைப்பிங் பாஸ் செய்து மெட்ராஸில் ஒரு தோல் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அலுவலகமே இரண்டு நாள் முழித்துக்கொண்டு நிற்கும். அந்த எரிச்சலில்தான் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் ஒரு பிரெஞ்சுப் பாடப்புத்தகம் வாங்கினேன். ஒன்றரை வருஷத்தில் கடிதம் படிக்கிற அளவுக்கு வந்துவிட்டது. அடுத்து ஜெர்மன். அதற்கடுத்து ஜப்பானிய மொழி. அதற்கு நான் தங்கியிருந்த பெண்கள் விடுதியின் வார்டன் ரேடியோவில் சிற்றலையில் வந்த பாடங்கள் உதவின. வாத்தியார் யாரும் கிடையாது. காலையில் குளிக்க வரிசையில் நிற்கும் நேரம், பஸ்ஸில் போகும் நேரம், அவ்வளவுதான் பள்ளிக்கூடம்.

தாய் மொழிப் புத்தகம் தற்செயலாகக் கையில் சிக்கியது. அட்டை கிடையாது. இசைத்தட்டு கிடையாது. அந்த மொழியை யாரும் பேசி நான் கேட்டதே கிடையாது. புத்தகம் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டது: இந்த மொழியில் ஐந்து தொனிகள், தொனி மாறினால் சொல்லே மாறிவிடும். நானே எனக்கு ஒரு வழி செய்துகொண்டேன். ரேஷன் கடையில் பெயர் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் சொன்னால் சமம். இஷ்டமில்லாமல் "ம்ம்" கொட்டினால் தாழ்வு. "ஏய்!" என்று அதட்டினால் இறக்கம். தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிடும்போது குரல் உச்சியில் நிற்குமே, அது உயர்வு. காதில் சரியாக விழாமல் "ஆங்?" என்று கேட்டால் ஏற்றம். விடுதிக் குளியலறையில் இதையெல்லாம் சொல்லிப் பார்ப்பேன். அறைத்தோழி கதவைத் தட்டி, "உள்ள யார்கிட்ட சண்டை போடுற?" என்று கேட்டாள்.

நான் செய்வது சரியா தப்பா என்று சொல்ல ஆளில்லை. தனியாக மொழி படிப்பதில் இருக்கும் பெரிய சிக்கல் அதுதான். பிரெஞ்சை எப்படி உச்சரித்தாலும் கடிதம் கோபித்துக்கொள்ளாது.

மவுண்ட் ரோட்டுப் பக்கம் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கார் ஏற்பாடு செய்யும் ஏஜெண்ட் ஒருவர் இருந்தார். அவருக்கு வரும் ஜப்பானியக் கடிதங்களை நான்தான் படித்துச் சொல்வேன். ஒரு நாள், "உனக்குத் தாய் மொழி தெரியுமாமா?" என்றார். தமிழ் தெரியாமலா இருக்கும் என்று சிரித்தேன். அப்புறம்தான் அவர் கேட்டது தாய்லாந்து மொழியை என்று புரிந்தது. "படிச்சிக்கினு இருக்கேன்" என்றேன். அவர் காதில் "தெரியும்" என்று விழுந்திருக்கிறது. பாங்காக்கிலிருந்து ஒரு அம்மாள் வருகிறாள், துணிக்கடைக்காரி, காஞ்சிபுரம் பட்டு பார்க்க வேண்டுமாம். கூடப் போகப் பெண் துணை வேண்டும். அம்மாளின் அண்ணன் மகன் கூட வருகிறான், அவனுக்கு ஆங்கிலம் தெரியும், அதனால் கவலையில்லை என்றார். கவலையில்லை என்றுதான் நானும் கிளம்பினேன்.

அம்மாள் பெயர் மாலி. அவர்கள் ஊரில் அது மல்லிகைப் பூவாம். அறுபது வயதிருக்கும், குள்ளம், வெடுக்கென்ற பேச்சு, யாரையும் காக்க வைக்காத நடை. அண்ணன் மகன் சோம்சக், என் வயசு, கழுத்தில் கேமரா. டிரைவர் ஏகாம்பரம் வாலாஜாபாத்காரர், எங்கள் பக்கத்து ஆள். அம்பாசடர் காலை ஏழு மணிக்கு விடுதி வாசலில் நின்றது.

வழி முழுக்க நான் படித்ததை எல்லாம் எடுத்துவிட்டேன். மாலி அம்மாள் என் வாயையே பார்த்துக்கொண்டு வந்தாள். பாதி புரிந்தது, பாதிக்குச் சோம்சக்கைப் பார்த்தாள். ஆனால் என் காதுக்கு அன்று காலையில்தான் முதல் தடவையாகத் தீனி கிடைத்தது. புத்தகத்தில் கோடுகளாகப் பார்த்த தொனிகள், ஒரு மனுஷியின் தொண்டையில் கண்மூடித் திறப்பதற்குள் வந்து போயின. கையில் பிடிக்கவே முடியவில்லை.

பட்டுக்கடையில் முதல் அடி விழுந்தது. தாய் மொழியில் பட்டுக்கு "மை". புதுசுக்கும் "மை". இல்லை என்பதற்கும் "மை". மரக்கட்டையும் "மை" தான். தொனி மட்டும்தான் வேறு வேறு. மாலி அம்மாள் ஒரு சேலையைத் தூக்கிப் பிடித்து என்னிடம் இரண்டு "மை" சொன்னாள். நான் கடைக்காரரிடம், "இது பட்டு இல்லன்றாங்க" என்றேன்.

கடைக்காரர் முகம் சிவந்துவிட்டது. "யாரப் பாத்து இன்னாமா சொல்ற? மூணு தலைமுறையா வியாபாரம் பண்ணிக்கினு இருக்கோம்" என்று ஓர் இழை உருவி, தீக்குச்சி கிழித்து அதில் காட்டினார். முடி கருகிய வாடை வந்தது. அசல் பட்டு. சோம்சக் விழுந்து விழுந்து சிரித்தான். அத்தை கேட்டது, "புதுப் பட்டா?" என்பதுதான், பழைய சரக்கோ என்ற சந்தேகம். எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது.

அதே கடையில் மடித்து வைத்த பட்டுத் துணியை அம்மாள் வேறொரு சொல்லாலும் சொன்னாள். "ப்ரே" என்பது அதற்குப் பழைய கடைக்காரர்களின் சொல் என்று சோம்சக் விளக்கினான். அவள் வாயில் ரகரம் விழவில்லை. என் காதுக்கு "பே" என்றுதான் கேட்டது. நான் ஆசையாக மனசில் குறித்துக்கொண்டேன். புத்தகத்தில் இல்லாத சொல்.

பத்தே முக்காலுக்கு அத்தையும் மருமகனும் பிரிய வேண்டி வந்தது. சோம்சக்குக் கைலாசநாதர் கோயிலை உச்சிக்கு நடை சாத்துமுன் படம் எடுக்க வேண்டும். அத்தைக்கோ தறி பார்க்க வேண்டும். அவனைக் கோயிலில் இறக்கிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு நாங்கள் சின்ன காஞ்சிபுரம் போனோம். ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, ஐந்து கிலோமீட்டர் இருக்கும். வரதராஜப் பெருமாள் கோயிலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ஏகாம்பரத்துக்குத் தெரிந்த நெசவுக்காரர் வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வெளியாட்களிடம் தமிழ் பேசும் குடும்பம்.

கூடத்தில் இரண்டு தறிகள். ஒன்றில் வேலை ஓடிக்கொண்டிருந்தது. மற்றதில் பாவு நூல் ஏற்றவில்லை, கால் தொங்கவிட்டு உட்காரும் குழி வெறுமையாகத் திறந்து கிடந்தது. மாலி அம்மாள் தரையில் உட்கார்ந்து, சேலையின் உடலும் கரையும் சேரும் இடத்தை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். நெசவுக்காரரிடம் என்னவோ கேட்டாள், அவர் என்னவோ காட்டினார், நடுவில் நான் தேவையே படவில்லை. பிறகு எழுந்து, கைப்பையிலிருந்து சின்ன கேமராவை எடுத்தாள். தறி முழுக்கப் படத்தில் விழ வேண்டுமென்று ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி போனாள்.

"குழி! குழி!" என்று நெசவுக்காரர் மனைவி கத்தினாள். எனக்கு வாயில் ஒரு மொழியும் வரவில்லை. தமிழ்கூட வரவில்லை. அம்மாள் பின்புறமாகக் குழிக்குள் போய்விட்டாள்.

தூக்கி உட்கார வைத்தபோது, முழங்காலுக்குக் கீழே தறிச் சட்டத்தின் முனை கிழித்து, ஒரு சாண் நீளத்துக்குச் சதை பிளந்திருந்தது. குழி மண் காயத்துக்குள் அப்பியிருந்தது. நெசவுக்காரர் மனைவி வெள்ளைத் துண்டு கொண்டுவந்து இறுக்கிக் கட்டினாள். துண்டு கண் முன்னாலேயே சிவந்தது. மாலி அம்மாள் அழவில்லை. காலையில் வாங்கிய பட்டுப் பொட்டலத்தை மடியில் அணைத்துக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குமா, வண்டில ஏத்து" என்றார் ஏகாம்பரம். "பக்கத்துலியே ஒரு டாக்டர் இருக்காரு. நல்ல கை."

ஐந்து நிமிஷத்தில் டாக்டர் வீட்டு வாசலில் இருந்தோம். முன்னறையில் பெஞ்சு நிறையக் கூட்டம். எங்களைப் பார்த்ததும் வழி விட்டார்கள். நான் ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கைலாசநாதர் கோயிலுக்குப் போய் அந்தத் தம்பியக் கையோட இட்டாந்துடுங்க. எனக்கு இவங்க பேசறது பாதிதான் புரியுது" என்றேன்.

"இருபது நிமிஷத்துல வந்துர்றேன்மா. பயப்படாத" என்று போனார்.

டாக்டர் ஐம்பது வயசுக்காரர், கட்டைக் குரல், அவசரம் இல்லாத கைகள். துண்டை அவிழ்த்துப் பார்த்தார். "மண்ணு நல்லா உள்ள போயிருக்குது. கழுவித் தையல் போடணும். அதுக்கு முன்னாடி ஊசி ஒண்ணு போட்டுடறேன், இல்லன்னா சீழ் புடிச்சிக்கும்" என்றார். நர்ஸ் கொதிக்கும் தண்ணீரிலிருந்து சிரிஞ்சை எடுத்துப் பொருத்தினாள்.

சிரிஞ்சைப் பார்த்ததும் மாலி அம்மாள் தலையை உயர்த்தினாள். "பே யா" என்றாள். பிறகு சத்தமாக, "பே யா! பே யா!"

நர்ஸ் திகைத்துப்போய், "இன்னாமா, பேயான்னு கத்துறாங்க? இன்னாத்தப் பாத்து பயந்துக்கினாங்க?" என்று என்னைக் கேட்டாள்.

"இன்னா சொல்றாங்க?" என்றார் டாக்டர்.

பேச்சுத் துணையாக வந்தவள் நான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பே என்றால் பட்டு, காலையில் கடையில் கற்றது. யா என்றால் வேண்டாம், செய்யாதே. அது புத்தகத்தில் படித்தது. மடியில் பட்டுப் பொட்டலம். அதன் ஓரத்தில் ரத்தம் பட்டிருந்தது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது.

"பட்டு பாழாப்பூடும்னு பயப்படறாங்க டாக்டர்" என்றேன்.

"இந்த நேரத்துல பட்டா முக்கியம்? எடுத்து அந்தாண்ட வை" என்றார் டாக்டர். நர்ஸ் பொட்டலத்தை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தாள். நான் அம்மாளின் தோளைத் தடவி, புத்தகத்தில் மூன்றாம் பாடத்தில் படித்த ஆறுதலைச் சொன்னேன். பரவாயில்லை என்பதற்கு "மை பென் ராய்". பட்டு போனால் பரவாயில்லை என்று சொல்ல நினைத்து, "பே, மை பென் ராய்" என்றேன்.

மாலி அம்மாள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. முகத்தில் ரத்தமே இல்லை. அடுத்த நொடி அவள் கையை உதறி, கிழிந்த காலோடு மேசையை விட்டு இறங்கப் பார்த்தாள். ரத்தம் தரையில் சொட்டியது. நர்ஸ் இரண்டு தோளையும் பிடித்து அழுத்தினாள்.

"புடிச்சிக்கோமா! ஆடினா ஊசி ஒடிஞ்சிடும்" என்று டாக்டர் என்னிடம் சொன்னார். நானும் பிடித்தேன். அவள் கை என் கையை விடச் சின்னது. நாங்கள் இரண்டு பேர், அவள் ஒருத்தி. டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டை நனைத்து அவள் புஜத்தில் தடவினார்.

வாசலில் கார் சத்தம் கேட்கிறதா என்று பார்த்தேன். கேட்கவில்லை.

ஒரு துணிக்காக யாராவது இப்படிப் போராடுவார்களா என்று அப்போதுதான் எனக்குத் தோன்றியது. காலை முழுக்க எத்தனை சேலைகளை உதறிப் போட்டாள், ஒன்றிலும் அவளுக்குத் தனிப் பாசம் இருந்த மாதிரி தெரியவில்லை. அவளுக்கு அது சரக்கு. இப்போது பொட்டலம் ஜன்னலில் பத்திரமாக இருக்கிறது, அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண் சிரிஞ்சை விட்டு அகலவில்லை.

இன்னொன்றும் உறுத்தியது. தாய் மொழியில் "செய்யாதே" என்ற சொல் முன்னால் வர வேண்டும். யா முதலில், மற்றது பிறகு. தமிழ் மாதிரி கடைசியில் போட மாட்டார்கள். அவள் "யா பே" என்று சொல்லவில்லை. "பே யா" என்கிறாள். அப்படியானால் இந்த யா வேறு. எந்த யா?

புத்தகத்தின் பக்கம் கண் முன்னால் வந்தது. தாழ்வாகச் சொன்னால் வேண்டாம். சமமாகச் சொன்னால் மருந்து.

"டாக்டர், ஒரு நிமிஷம் நிறுத்துங்க."

"இன்னாமா?"

"அவங்க பட்டைச் சொல்லல. மருந்தப் பத்தி என்னவோ சொல்றாங்க."

டாக்டர் கையை நிறுத்தினார், ஆனால் சிரிஞ்சைக் கீழே வைக்கவில்லை. "இப்பத்தான் பட்டுன்ன. இப்ப மருந்துன்ற. எதும்மா நெசம்? வெளியில பத்து பேரு காத்துக்கினு இருக்காங்க. இந்த ஊசி போடாம விட்டு நாளைக்குக் கால் வீங்கினா யார் பதில் சொல்றது, நீயா?"

அந்தக் கேள்வி நியாயமானது. நிறுத்தச் சொல்லி நான் தப்பாக இருந்தால், அந்நிய ஊரில் ஒரு அம்மாளின் கால் போகலாம். நிறுத்தச் சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவே தெரியாது. பிரெஞ்சில் கேட்டுப் பார்த்தேன், ஜப்பானிய மொழியில் கேட்டுப் பார்த்தேன், பைத்தியக்காரத்தனமாக ஜெர்மனில்கூட ஒரு வார்த்தை. அவள் உதட்டைப் பிதுக்கினாள். அத்தனை வருஷம் பஸ்ஸில் படித்ததெல்லாம் அந்த அறையில் காசுக்குப் பிரயோசனமில்லை.

"ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கறேன் டாக்டர்."

"சீக்கிரம் கேளு."

அவள் தோளிலிருந்து கையை எடுத்தேன். முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு ஜன்னலில் இருந்த பட்டைக் காட்டி, ரேஷன் கடைக் குரலில், ஏற்ற இறக்கமில்லாமல், "பே?" என்றேன்.

"மை சாய்!" என்று தலையை வேகமாக ஆட்டினாள். இல்லை, அது இல்லை.

சிரிஞ்சைக் காட்டி, அதே சமக் குரலில், "யா?" என்றேன்.

"சாய்! சாய்! யா!" ஆமாம், ஆமாம். சொல்லிவிட்டு, என் முகத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுவந்து, குரலை உச்சிக்குத் தூக்கி நிறுத்தி, "பே!" என்றாள். தெருக்கோடியில் போகிறவரைக் கூப்பிடும் குரல். காலையில் கடையில் கேட்ட பே அது இல்லை என்று என் காதுக்கு முதல் தடவையாகத் தெரிந்தது. ஆனால் இந்தப் பேக்கு அர்த்தம் தெரியவில்லை. என் புத்தகத்தில் இருந்த உயர்ந்த பே, விளையாட்டில் தோற்பதைக் குறிப்பது. மருந்திடம் தோற்பதா? நானும் குரலை உச்சிக்குத் தூக்கி, "பே?" என்று கேட்டு, புரியவில்லை என்று கையை விரித்தேன்.

அவள் கழுத்தை விரல் நகத்தால் பரபரவென்று சொறிந்து காட்டினாள். கன்னத்தை உப்பிக் காட்டினாள். பிறகு தொண்டையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மூச்சை உள்ளே இழுக்க முடியாத மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினாள்.

நர்ஸின் கை தானாகவே தளர்ந்தது.

"மருந்து பேர் இன்னா டாக்டர்?" என்றேன்.

"பெனிசிலின்."

நான் அம்மாளிடம் திரும்பி அந்தப் பெயரைச் சொன்னேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "பெனிசின்லின்! பே! பே பெனிசின்லின்!"

அதைப் புரிந்துகொள்ள டாக்டருக்கு நான் தேவைப்படவில்லை. சிரிஞ்சைத் தட்டில் வைத்தார். நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். "ஒத்துக்காதாம். எடுத்துக்கினு போ இத" என்று நர்ஸிடம் சொன்னார். அவள் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். பிறகு என்னைப் பார்த்தார். "இத மொதல்லியே சொல்லியிருக்கலாமேமா."

"அவங்க மொதல்லருந்து அதத்தான் சொல்லிக்கினு இருக்காங்க டாக்டர்" என்றேன். சொல்லிவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் காயத்தைக் கழுவி, மரத்துப் போக வைக்காமல் முதல் தையலைப் போட்டார். மரத்துப் போக வைக்கும் மருந்தாவது ஒத்துக்கொள்ளுமா என்று என்னால் கேட்க முடியவில்லை, அதனால்தான். மாலி அம்மாள் ஒரு சத்தமும் போடவில்லை. இரண்டாவது தையலுக்கு ஊசி நுழையும்போது வாசலில் கார் வந்து நின்றது. சோம்சக் ஓடி வந்தான். பின்னால் ஏகாம்பரம், வேர்த்து விறுவிறுத்து. "கோயிலு உள்ள ஆளே இல்லமா. பின்னால வயல்ல நின்னுக்கினு கோபுரத்தப் படம் புடிச்சிக்கினு இருந்தாரு. எங்கன்னு தேடறது?"

அத்தையும் மருமகனும் பேசிய வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சோம்சக் டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொன்னான்: சில வருஷம் முன்னால் பல் பிடுங்கியபோது இதே ஊசி போட்டு, தொண்டை வீங்கி மூச்சடைத்து, இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். மற்ற மருந்துகள் ஒத்துக்கொள்ளும். டாக்டர் மரத்துப் போகும் ஊசி போட்டு மீதித் தையலை முடித்தார். வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். மதியம் மூன்று வரை அங்கேயே படுக்க வைத்திருந்தார்.

திரும்பும்போது லாரி கம்மியாக இருக்கும் என்று ஏகாம்பரம் வாலாஜாபாத் வழியாக ஓட்டினார். மாலி அம்மாள் பின் சீட்டில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தாள். நான் முன் சீட்டில். நான் திரும்பிப் பார்த்தால் அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நன்றி சொல்வாள் என்று நான் எதிர்பார்த்தேனா? கொஞ்சம் எதிர்பார்த்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

பாலாற்றுப் பக்கத் தோப்புகளைத் தாண்டும்போது அவள் சோம்சக்கிடம் மெதுவாக என்னவோ சொன்னாள். அவன் தயங்கினான். "அத்தை ஒன்று கேட்கிறாள்" என்றான் ஆங்கிலத்தில். "மருந்து ஒத்துக்காது என்று நான் கத்தினேன். நீ என் தோளைத் தடவிக்கொண்டு, ஒத்துக்காவிட்டால் பரவாயில்லை என்று சொன்னாய். ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்கிறாள்."

பே, மை பென் ராய். அவள் காதில் அது அப்படித்தான் விழுந்திருக்கிறது. செத்தால் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து அழுத்திய பெண் நான். பட்டு என்று நினைத்தேன், பட்டு போனால் பரவாயில்லை என்று சொல்ல வந்தேன் என்று சோம்சக்கிடம் சொன்னேன். அவன் அதை அவளிடம் சொல்வதற்கு வெகு நேரம் எடுத்துக்கொண்டான்.

வாலாஜாபாத்தில் டீக்கடை முன்னால் வண்டி நின்றது. ஏகாம்பரம் டீ வாங்கி வந்து கொடுத்தார். மாலி அம்மாள் டம்ளரை சோம்சக்கிடம் கொடுத்துவிட்டு, முன்னால் சாய்ந்து, கையை நீட்டி என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

"பே" என்றாள். உச்சியில்.

"பே" என்றேன்.

தலையை ஆட்டினாள். இல்லை. "பே."

"பே."

இல்லை. என் தாடையை விரலால் மேலே தூக்கினாள். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரோடு எழுந்து வந்து வேடிக்கை பார்த்தார்கள். "இன்னாபா, அந்த அம்மா பேயப் பத்தியே பேசிக்கினு இருக்குது?" என்று ஒருவர் கேட்க, "நீ சும்மா இரு, அது பாடம் நடக்குது" என்று ஏகாம்பரம் அதட்டினார். எனக்கு வெட்கம் போய்விட்டது. திரும்பத் திரும்பச் சொன்னேன். டீ ஆறிப்போனது. கடைசியில் ஒரு தடவை நான் சொன்னதும் அவள் தாடையை விட்டுவிட்டாள். சோம்சக்கிடம் ஏதோ சொல்லிவிட்டு டீயை வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

"இந்த ஒரு சொல்லாவது உனக்கு இனிமேல் தப்பாது என்கிறாள்" என்றான் அவன்.

மெட்ராஸ் போய்ச் சேரும்வரை பாடம் நிற்கவில்லை. வலிக்கிறது, மூச்சு முட்டுகிறது, நிறுத்து. ஒவ்வொன்றையும் அவள் சொல்ல நான் சொல்ல, அவள் திருத்த நான் சொல்ல. புத்தகத்தில் ஒரு வருஷம் படித்தது அந்த அறுபத்து சொச்சம் கிலோமீட்டருக்கு ஈடாகவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு நான் இன்னும் மூன்று மொழிகள் படித்தேன், தனியாகத்தான். தாய்லாந்துக்கும் இரண்டு முறை போயிருக்கிறேன். கேள்வி கேட்ட வாசகிக்கும், இதே மாதிரி கிளம்ப இருக்கும் மற்றவர்களுக்கும் என் அனுபவத்தில் சொல்வது இது. புத்தகத்தில் படியுங்கள், தாராளமாகப் படியுங்கள். இப்போது கைப்பேசியிலேயே அந்த ஊர்க் குரல்கள் கிடைக்கின்றன, எனக்குக் கிடைக்காத பாக்கியம். ஆனால் கிளம்புவதற்கு முன் அந்த மொழி பேசும் ஒரு ஆளைத் தேடிப் பிடித்து, உங்கள் வாயில் வருவதைக் கேட்கச் சொல்லுங்கள். "விலை என்ன" என்பதற்கு முன்னால், "இந்த மருந்து எனக்கு ஒத்துக்காது" என்பதைப் படியுங்கள். உங்களுக்கு ஒத்துக்காத மருந்தின் பெயரை அந்த ஊர் எழுத்தில் எழுதி வாங்கிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு: காலையில் சீக்கிரம் போய்விடுங்கள், மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் நடை சாத்தினால் மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். தறி பார்க்க யார் வீட்டுக்குப் போனாலும் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள், பின்னால் பார்க்காமல் பின்வாங்காதீர்கள்.

அந்நிய மொழியில் ஒருவர் பேசும்போது, நமக்குத் தெரிந்த இரண்டு சொல் காதில் விழுந்ததும் மனசு ஓடிப்போய் மீதியைத் தானே நிரப்பிவிடுகிறது. எல்லாம் கச்சிதமாகப் பொருந்துகிற மாதிரி இருக்கும். அந்த நேரத்தில்தான் நின்று கேட்க வேண்டும். எந்த மொழியை எடுத்தாலும் நான் முதலில் மனப்பாடம் செய்யும் வாக்கியம் இன்றைக்கும் ஒன்றுதான்: "எனக்குப் புரியவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்." அதைச் சொல்லும்போது எதிரே இருப்பவரின் கையைப் பிடித்து அழுத்திக்கொண்டிருக்காதீர்கள். விட்டுவிட்டுக் கேளுங்கள்.